அம்மணி உழுவைக்காக அறுத்த வலை: ஒரு திறந்த மடல்

கடல்வாழ் உயிரினப் பாதுகாப்புக்குப் பொறுப்பு வகிக்கும் மதிப்பிற்குரிய அதிகாரிகளுக்கு,

வணக்கம். வாடைக் காற்று அடங்கிக் கடல் தெளியும் மாதங்களில் மன்னார் வளைகுடாவில் அம்மணி உழுவை எனும் திமிங்கலச் சுறா தலைகாட்டுவதும், எங்கள் பருவலைகளில் அது சிக்கிக்கொள்வதும் தாங்கள் அறியாததல்ல. 2001ஆம் ஆண்டு முதல் அது சட்டத்தின் பாதுகாப்பில் இருப்பதும், அதைக் கொன்றால் 3 முதல் 7 ஆண்டு வரை சிறை என்பதும் எங்கள் தெருப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். எனவே அதை விளக்க மற்றுமொரு விழிப்புணர்வுக் கூட்டம் வேண்டாம். அறுத்த வலைக்கு உரிய பணம் வேண்டும்.

சென்ற மார்ச் மாதம் என் மைத்துனரின் வலையில் இருபதடி நீளமுள்ள ஒன்று விழுந்தது. மிதவைகள் ஒன்றன்பின் ஒன்றாக அமிழ்ந்தபோது நல்ல மீன்பாடு என்றே நினைத்தார்களாம்; டார்ச் வெளிச்சத்தில் முதுகின் வெள்ளைப் புள்ளிகளைக் கண்டபின் படகில் யாரும் பேசவில்லை. வலையை இழுத்தால் அதன் செவுளில் இழை இறுகும். அது புரண்டால் படகு கவிழும். நால்வர் மாறி மாறி இரண்டு மணி நேரம் கண்ணி கண்ணியாக அறுத்து அதை விடுவித்தார்கள். அது நிதானமாக ஆழத்துக்குப் போய்விட்டது. பாதி வலை உதவாமல் போனது. அந்த வலைக்காக அடகு வைத்த என் தங்கையின் சங்கிலிக்கு வட்டி மட்டும் தவறாமல் ஏறிக்கொண்டிருக்கிறது.

மனு கொடுத்தோம். விடுவித்தபோது அலுவலர் எவரேனும் உடனிருந்தாரா என்று கேட்டார்கள். கரையிலிருந்து பத்து மைல் தொலைவில், அதிகாலை நான்கு மணிக்கு, அந்த நால்வரையும் அம்மணியையும் தவிர வேறு எவரும் இல்லை. அவளைச் சாட்சிக்கு அழைத்துவரும் வழியும் எங்களுக்குத் தெரியவில்லை. கைப்பேசியில் எடுத்த படங்கள் போதாதாம்.

குஜராத்தின் வேராவல் கரையில், ஈரல் எண்ணெய்க்காகவும் இறைச்சிக்காகவும் இதே மீனைக் குத்திப் பிடித்தவர்கள், அதைக் காக்க 2004இல் தொடங்கிய இயக்கத்துக்குப் பின் தங்கள் வலையைத் தாங்களே அறுத்து அதை விடுவிக்கத் தொடங்கினார்கள். பிரசவத்துக்குத் தாய்வீடு வரும் மகள் என்று ராமகதை சொற்பொழிவாளர் மொராரி பாபு அதைச் சொன்னது பெரிய காரணம்தான். ஆனால் மகள் என்று சொன்னதோடு அங்கே நிறுத்திக்கொள்ளவில்லை. வலைக்கு இழப்பீடு கொடுத்தார்கள், மீனவர் கையிலேயே கேமராவைக் கொடுத்து அவர்கள் எடுத்த படத்தைச் சான்றாக ஏற்றார்கள். இங்கே ஆகஸ்ட் 30 வந்தால் திமிங்கலச் சுறா நாளுக்குப் பதாகை பிடிக்க எங்களைத்தான் அழைக்கிறார்கள். பதாகைக்கான துணியின் அளவைப் பார்க்கும்போது வலைக்குப் பணமில்லை என்பதை நம்புவது சற்றுக் கடினமாக இருக்கிறது.

சினத்தில் சொல் மிகுந்திருந்தால் பொறுத்தருள வேண்டுகிறேன். ஏப்ரல் 15 முதல் மீன்பிடித் தடையால் விசைப்படகுகள் கரையில் நிற்கும் 61 நாட்கள்தான் எங்களைப் போன்ற சிறுபடகுக்காரர்களுக்கு மீனும் விலையும் சேர்ந்து கிடைக்கும் காலம். இவ்வாண்டு அந்த நாட்களில் என் மைத்துனர் பிறர் படகில் கூலிக்குப் போனார். அடுத்த ஏப்ரலுக்குள் அவருக்கு உரிய பணம் கிடைக்கவும், இனி வலை அறுப்பவர்களுக்குக் கைப்பேசிப் படத்தையே சான்றாக ஏற்று ஒரு மாதத்துக்குள் பணம் வழங்கவும் ஆவன செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

அறுந்த வலையைத் தங்கள் பார்வைக்காக ஏலக்கூடத்தின் பின்புறம் சாக்குப் போட்டு மூடி வைத்திருக்கிறோம். எலிகள் கடிக்கத் தொடங்கிவிட்டன. யாரேனும் விரைவில் வந்து பார்த்துச் சென்றால், நல்ல துண்டுகளையாவது பிரித்தெடுத்துக்கொள்வோம்.

இப்படிக்கு,
மன்னார் வளைகுடாக் கரையின் பருவலைக்காரர் குடும்பத்தில் ஒருவன்