விலை இருக்கிறது, வரைந்தவர் பெயரைக் காணோம்

ஆசிரியருக்கு வணக்கம்.

பழைய கார்ட்டூன் படங்களின் 'செல்' ஓவியங்கள் ஏலத்தில் நல்ல விலைக்குப் போவதைப் பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். விலை இருந்தது, ஸ்டுடியோ பெயர் இருந்தது, வாங்கியவரின் சந்தோஷம்கூட இருந்தது. அந்த ஓவியத்துக்குக் கோடு இழுத்து வண்ணம் தீட்டியவர் யார் என்று ஒரு வரி இல்லை. கட்டுரையாளரை மட்டும் குறை சொல்ல முடியாது, பெரும்பாலான செல்களில் வண்ணம் தீட்டியவரின் கையெழுத்தே இருக்காது. ஆனால் ஏன் இல்லை என்று கேட்டிருக்கலாம்.

செல் என்பது கண்ணாடி போன்ற ஒரு பிளாஸ்டிக் தாள். அனிமேட்டர் பென்சிலில் வரைந்ததை அதன் மேல் மையால் ஒருவர் கோடாக இழுப்பார், இன்னொருவர் அதைத் திருப்பிப் போட்டுப் பின்பக்கத்தில் வண்ணம் தீட்டுவார். ஒருமுறை ஒன்றைக் கையில் வாங்கிப் பார்த்தேன். முன்னால் அச்சடித்த மாதிரி வழவழவென்று இருக்கிறது, திருப்பினால் திட்டுத் திட்டாகப் பெயிண்ட், கோட்டைத் தாண்டி ஒன்றின் மேல் ஒன்று ஏறிக் கிடக்கிறது, ஓரத்தில் வரிசை எண் மட்டும். ஒரு மனிதர் வேலை செய்ததற்கான அடையாளம் எல்லாம் அந்தப் பின்பக்கத்தில்தான் இருக்கிறது, ஃபிரேம் போட்டுச் சுவரில் மாட்டினால் அது தெரியவே தெரியாது!

1930களில் டிஸ்னியில் இந்தக் கோடும் வண்ணமும் பெரும்பாலும் பெண்கள் செய்த வேலை. அனிமேட்டர் நாற்காலி அவர்களுக்கு ஏறக்குறைய மூடியே கிடந்தது, சம்பளமும் அதற்கேற்ற மாதிரிதான். படம் முடிந்ததும் பல செல்களைக் கழுவி மறுபடி பயன்படுத்தினார்கள். பிறகு அவற்றைக் காசாக்கலாம் என்று தெரிந்து 1938 முதல் ஒரு கேலரி மூலமும், 1955க்குப் பிறகு டிஸ்னிலேண்டிலேயே சில டாலர்களுக்கும் விற்றார்கள். 1961இல் வந்த 'ஒன் ஹண்ட்ரட் அண்ட் ஒன் டால்மேஷியன்ஸ்' படத்தில் பென்சில் கோட்டை நேராகச் செல்லில் பதிக்கும் ஜெராக்ஸ் இயந்திரம் வந்தது, கோடு இழுத்தவர்களில் பலருக்கு வேலை போயிற்று. 1989க்குப் பிறகு அங்கே முழுநீளப் படங்களில் செல்லே போய், வண்ணம் தீட்டுவது கம்ப்யூட்டருக்கு மாறியது. ஆக, வேலை செய்தவர்கள் போனபின்தான் அவர்கள் செய்ததற்கு விலை ஏறுகிறது.

டைரஸ் வாங் என்ற ஓவியரின் கதையையாவது சொல்லியிருக்கலாம். டிஸ்னியின் 'பாம்பி' படத்தின் பனி படர்ந்த காட்டுக்கு அந்தச் சாயலைக் கொடுத்தவர் அவர். சேர்ந்தது 1938இல், ஓர் அசைவின் இரண்டு முக்கிய ஓவியங்களுக்கு நடுவே வரும் ஓவியங்களை வரைகிற கடைநிலை வேலைக்கு. டிஸ்னி ஊழியர்களின் 1941 வேலைநிறுத்தத்தை ஒட்டி அவரை வெளியே அனுப்பிவிட்டார்கள், இத்தனைக்கும் அவர் அதில் கலந்துகொள்ளவே இல்லை. படத்தில் பின்னணி ஓவியர்களில் ஒருவராக மட்டும் பெயர் வந்தது. ஸ்டுடியோ அவரைக் கௌரவித்தது 2001இல், அப்போது அவருக்கு வயது தொண்ணூறுக்கு மேல். அதைக் கண்ணால் பார்க்க அவருக்கு ஆயுள் இருந்தது, அவ்வளவுதான்.

சரி, இதெல்லாம் பழைய கதை என்று தோன்றலாம். என் அண்ணன் மகள் அனிமேஷன் படித்துவிட்டு முதல் வேலைக்கு ஒப்பந்தத்தைக் கையில் வைத்திருக்கிறாள். அதில், வேலை நேரத்தில் போடும் கிறுக்கல் உட்பட எல்லாம் நிறுவனத்துக்கே சொந்தம், அனுமதி இல்லாமல் எங்கும் காட்டக் கூடாது, விற்கக் கூடாது என்று இருக்கிறது. விற்பதை விடுங்கள், அடுத்த வேலை கேட்டுப் போகும்போது எதைக் காட்டுவாள்? ஓவியர்கள் இப்போது பிரிண்டும் ஸ்கெட்சும் விற்றுத்தான் இரண்டு புராஜெக்ட்டுக்கு நடுவில் காலம் தள்ளுகிறார்கள். டொனால்ட் டக் காமிக்ஸைப் பல வருடம் பெயரில்லாமல் வரைந்த கார்ல் பார்க்ஸுக்கே, ஓய்வு பெற்றபின் அந்த வாத்துகளை எண்ணெய் வண்ணத்தில் தீட்டி விற்க டிஸ்னியின் அனுமதி வேண்டியிருந்தது. 1971இல் கொடுத்தார்கள், 1976இல் திரும்ப வாங்கிக்கொண்டார்கள்.

எனவே ஒரு கோரிக்கை. ஏல விலையை எழுதிய அதே பக்கத்தில், இப்படிப்பட்ட ஒப்பந்தத்தில் எந்த வரியைத் திருத்தித் தரச் சொல்லிக் கேட்கலாம் என்று விவரம் தெரிந்த ஒரு வழக்கறிஞரை எழுதச் சொல்லுங்கள். கொஞ்சம் சீக்கிரம் வந்தால் நல்லது, அவள் இன்னும் கையெழுத்துப் போடவில்லை.

இப்படிக்கு,
ஒரு வாசகர்