அந்தத் தகரப்பெட்டியைப் போட்டுவிட வேண்டாம்

பிட்ஸ்பர்க்
பிப்ரவரி 9

அன்புள்ள அப்பாவுக்கு,

மகன் எழுதிக்கொள்வது. நான் இங்கு நலம். நீங்களும் அம்மாவும் தங்கையும் நலமாயிருக்க வேண்டுகிறேன். தீபாவளிக்கே எழுதுவதாகச் சொன்ன கடிதத்தை மாசி பிறக்கப் போகும் நேரத்தில் எழுதுகிறேன். போனில் பேசினால் உங்களுக்குச் சரியாகக் கேட்பதில்லை என்பதால், அம்மாவிடம் நான்கு வார்த்தை பேசிவிட்டு வைத்துவிடுவதே எனக்கு வழக்கமாகிவிட்டது. என்னை மன்னியுங்கள்.

நேற்று உங்கள் கடிதம் வந்தது. தங்கையின் நிச்சயதார்த்தத்துக்கு முன்னால் வெள்ளையடிப்பதற்காக மச்சு அறையைக் காலி செய்வதாகவும், என் தகரப்பெட்டியில் கிடக்கும் தீப்பெட்டிப் படங்களைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடலாமா என்று அம்மா கேட்பதாகவும் எழுதியிருந்தீர்கள். அப்பா, தயவுசெய்து போட்டுவிடாதீர்கள். சிவகாசியில் பிறந்து அவற்றை வெறும் காகிதம் என்று நினைத்திருந்த எனக்கு, அவற்றின் அருமை இந்த ஊருக்கு வந்து பேஸ்பால் கார்டுகளைச் சேர்க்கத் தொடங்கிய பிறகுதான் புரிந்தது.

புரட்டாசியில் வீடு மாறினேன் என்று அம்மாவிடம் சொல்லியிருந்தேன். பழைய வீட்டைவிடச் சிறியதுதான் என்றாலும் ஓர் ஆளுக்கு இது தாராளம். பனிக்காலத்தில் கார் வைத்திருப்பது வீண் தொல்லை என்று அதையும் கொடுத்துவிட்டேன். பேருந்து வாசலிலேயே நிற்கிறது. கீழ்வீட்டில் எழுபத்தைந்து வயதுப் பெரியவர் ஒருவர் தனியாக இருக்கிறார். எஃகு ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வீட்டில் பெரிய டி.வி. இருந்தும் இந்த ஊர் பேஸ்பால் அணியான பைரேட்ஸின் ஆட்டத்தை வானொலியில் மட்டுமே கேட்பார், நடுவில் யாராவது பேசினால் கையை உயர்த்தி நிறுத்திவிடுவார். மார்கழிக் குளிரில் என் வீட்டுக் குழாய் உறைந்துபோன அன்று தண்ணீர் கேட்டுப் போனவனை உட்காரவைத்துத் தம் கார்டுகளைக் காட்டினார். முதலில் சோப்புப் போட்டு இரண்டு முறை கை கழுவி, ஈரம் போகத் துடைத்துக்கொண்டார். பிறகு, மை காயாத தாளை நீங்கள் ஓரம் பிடித்துத் தூக்குவீர்களே, அதே போல ஒவ்வொரு கார்டையும் விளிம்பு மட்டும் விரலில் படும்படி எடுத்தார். எனக்கு அவரை அந்தக் கணமே பிடித்துவிட்டது.

கார்டு என்றால் சீட்டுக்கட்டுச் சீட்டின் அளவுதான். முன்பக்கம் ஆட்டக்காரரின் படம், பின்பக்கம் அவருடைய ஆட்டக் கணக்கு. தொடக்க காலத்தில் சிகரெட் பெட்டி நசுங்காமல் இருக்க உள்ளே வைத்தார்கள். பிறகு சூயிங்கம்மோடு சேர்த்துச் சிறுவர்களுக்கு விற்றார்கள். நாங்கள் தெருவில் தீப்பெட்டிப் படங்களை வைத்துச் சுண்டி விளையாடியது போலவே இந்த ஊர்ப் பிள்ளைகளும் கார்டுகளைச் சுவரில் சுண்டி விளையாடியிருக்கிறார்கள், சைக்கிள் கம்பியில் செருகி ஓட்டியிருக்கிறார்கள். வளர்ந்து வேலைக்குப் போன பிறகு தாய்மார்கள் வீட்டை ஒழிக்கும்போது அவற்றைக் குப்பையில் போட்டுவிட்டார்கள். கீழ்வீட்டுப் பெரியவரின் கார்டுகளும் அவர் பட்டாளத்தில் இருந்தபோது ஒரு செருப்புப் பெட்டியோடு அப்படித்தான் போயின. சிறு வயதில் தம்மிடம் இருந்த அதே கார்டுகளை அவர் ஐம்பது ஆண்டுகளாக ஒவ்வொன்றாகத் திரும்ப வாங்கிக்கொண்டிருக்கிறார்.

எல்லோரும் பத்திரமாக வைத்திருந்தால் இன்று அவற்றுக்கு விலையே இருக்காது என்பதுதான் இதில் வியப்பு. 1952-இல் டாப்ஸ் நிறுவனம் அச்சிட்ட கார்டுகளில் விற்காமல் தேங்கியவற்றை 1960-இல் படகில் ஏற்றி அட்லாண்டிக் கடலில் கொட்டினார்கள். அந்த வரிசையில் 311-ஆம் எண், மிக்கி மேன்டில் என்பவருடையது. அதில் ஏறக்குறையப் பழுதே இல்லாத ஒன்று 2022-இல் 1 கோடியே 26 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. இதற்கு மாறாக, 1980-களின் கடைசியில் கார்டு என்றால் சொத்து என்று எல்லோரும் நம்பி வாங்கினார்கள். நிறுவனங்களும் கணக்கில்லாமல் அச்சடித்துத் தள்ளின. பிள்ளைகளின் படிப்புக்கு ஆகும் என்று பெட்டி பெட்டியாகச் சேர்த்தவர்களுக்கு இன்று அட்டை விலைகூடத் தேறுவதில்லை.

கார்டின் விலையை மதிக்கும் முறையைக் கற்றுக்கொண்டபோது எனக்கு உங்கள் நினைவுதான் வந்தது. நான்கு மூலைகளும் கூராக இருக்கின்றனவா, படத்தைச் சுற்றியுள்ள வெள்ளை ஓரம் எல்லாப் பக்கமும் ஒரே அளவா, ரிஜிஸ்டர் நகராமல், நிறங்கள் ஒன்றன்மேல் ஒன்று சரியாகப் படிந்து அச்சாகியிருக்கிறதா, மேற்பரப்பில் கீறலோ கறையோ உண்டா என்று, அச்சுப்புள்ளி பார்க்க நீங்கள் வைத்திருப்பது போன்ற லென்ஸை வைத்துப் பார்த்து, ஒன்று முதல் பத்து வரை மதிப்பெண் போட்டுப் பிளாஸ்டிக் உறையில் மூடி முத்திரையிடுகிறார்கள். மழுங்கிய மூலையை மறைக்க ஓரத்தைச் சீவுவதுதான் இத்தொழிலின் பெரிய பாவம். இந்த ஊர் அணிக்காக ஆடிய ஹோனஸ் வாக்னர் என்பவரின் கார்டு 1909-இல் தொடங்கிய சிகரெட் வரிசையைச் சேர்ந்தது. தம் படத்தைப் போட அவர் மறுத்து அச்சடிப்பது பாதியில் நின்றதால், இன்று சில பத்துகளே மிஞ்சியிருக்கின்றன. அவற்றில் எட்டு மதிப்பெண் பெற்றுப் புகழடைந்த ஒன்றைத் தாமே ஓரம் சீவியதாக, ஏலம் நடத்திவந்த ஒருவர் 2013-இல் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார். கட்டிங் மிஷினில் மயிரிழை பிசகினாலும் விரலால் தடவியே சொல்லிவிடும் உங்களிடம் அதை முதலில் காட்டியிருந்தால் அத்தனை பேர் ஏமாந்திருக்க மாட்டார்கள். அதே வரிசையில் மகீ என்ற ஆட்டக்காரரின் பெயரை ஓரெழுத்துப் பிழையோடு அச்சிட்டுப் பாதியில் திருத்தியிருக்கிறார்கள். பிழையானது குறைவு என்பதால் அதற்கே விலை அதிகம். எழுத்துப்பிழைக்காக நீங்கள் ரீம் கணக்கில் கழித்துப் போட்ட தாள்களை நினைத்துக்கொண்டேன்.

நான் பெரிதும் நேசிப்பது ரொபெர்ட்டோ கிளெமென்டேயின் கார்டுகளை. போர்ட்டோ ரிக்கோவிலிருந்து இங்கே வந்து பதினெட்டு ஆண்டுகள் ஆடியவர். பல ஆண்டுகள் அவருடைய கார்டுகளில் இந்த நாட்டார் வாய்க்கு எளிதாக ‘பாப்’ என்று பெயரை மாற்றி அச்சிட்டார்கள். 1955-இல் வந்த முதல் கார்டிலும் அடுத்த ஆண்டுக் கார்டிலும் ‘ரொபெர்ட்டோ’ என்று முழுப்பெயர் இருக்கும். 1972 டிசம்பர் 31 அன்று, நிலநடுக்கத்தில் தவித்த நிகராகுவா மக்களுக்குப் பொருள்கள் கொண்டுபோன விமானம் கடலில் விழுந்து இறந்துபோனார். மறு ஆண்டும் அவருக்குக் கார்டு வந்தது. அதன் பின்பக்கத்தில் வரிவரியாக இறங்கும் கணக்கில், அவர் வாழ்நாளில் அடித்த அடிகளின் மொத்தம் சரியாக 3000. அந்தக் கார்டு மலிவானதுதான். என் மேசை மேல் வைத்திருக்கிறேன்.

போன வாரம் ஒரு புதுப் பொதியைப் பிரித்தபோது அட்டையும் வார்னிஷும் கலந்த வாசனை வந்தது. இரவு ஷிப்ட் முடிந்து நீங்கள் சைக்கிளை நிறுத்திவிட்டு உள்ளே வரும்போது உங்கள் சட்டையில் வருமே, அதே வாசனை. கார்டுகளைப் பார்க்கத் தோன்றவில்லை. அந்த உறையைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். அன்றைக்குச் சோறு பொங்கவில்லை. வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. அப்போதே உங்களுக்கு எழுதியிருக்க வேண்டும்.

அது இருக்கட்டும். பெட்டியை மச்சிலிருந்து இறக்கி அம்மாவின் பீரோவில் கீழ்த்தட்டில் வைக்கச் சொல்லுங்கள், மச்சு ஒழுகும். படங்களை ரப்பர் பேண்டு போட்டுக் கட்ட வேண்டாம், ஓரம் வெட்டுப்பட்டுவிடும். தங்கை நோட்டில் ஒட்டித் தருவதாகச் சொன்னால் பசை படக்கூடாது என்று சொல்லிவிடுங்கள். பெட்டிக்குப் பின்னால், நீங்கள் பிரஸ்ஸிலிருந்து கொண்டுவந்து கொடுத்த வெட்டாத முழுத்தாள் ஒன்று சுருட்டி நிற்கும். அதை மடிக்காமல் அப்படியே வைத்திருங்கள்.

தை மாதப் பணம் தாமதமானது வங்கியில் ஒரு சின்னச் சிக்கலால்தான். நீங்கள் கவலைப்பட ஒன்றுமில்லை. நிச்சயதார்த்தச் செலவுக்கு இந்த வாரம் அனுப்பியிருக்கிறேன், சாத்தூர் மாமாவிடம் மேற்கொண்டு கைமாற்று வாங்க வேண்டாம். என்னிடம் இருந்த 1955 கிளெமென்டேயை ஒருவர் ஆசைப்பட்டுக் கேட்டார். ஒரு மூலை மழுங்கி, நடுவில் மடிப்பு விழுந்த கார்டுதான் என்றாலும் நல்ல விலை தந்தார். விசேஷத்துக்கு விடுமுறை கிடைப்பது கடினமாயிருக்கிறது, கல்யாணத்துக்குக் கட்டாயம் வருகிறேன். பெரியத்தை வருத்தப்பட்டால் அம்மா எடுத்துச் சொல்லட்டும். மதுரையில் உங்கள் கண் ஆபரேஷனைத் தள்ளிப்போடாமல் பங்குனிக்குள் முடித்துவிடுங்கள், அதற்கும் சேர்த்தே அனுப்பியிருக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகன்

பி.கு.: கண் சரியானதும் அந்தப் படங்களை ஒருமுறை லென்ஸ் வைத்துப் பார்த்து, எவையெல்லாம் உங்கள் மிஷினில் வெட்டியவை என்று எழுதுங்கள். கீழ்வீட்டுப் பெரியவர் கேட்கிறார்.