காய்ச்சல் இல்லாட்டியும் ஊசி வேணும்

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்,

நாய் கடிச்ச மகனுக்கு "காய்ச்சலே இல்லை, பிறகேன் ஊசி" எண்டு பக்கத்து வீட்டு அக்கா கேட்டா. விசர்நாய்க்கடி நோயைத் தாற ரேபிஸ் வைரஸின்ர கள்ளத்தனமே அதுதான். வைரஸ் வந்தா எங்கட செல்லுகள் இன்டர்பெரோன் எண்ட எச்சரிக்கைப் புரதத்தை விட்டு மற்றச் செல்லுகளை உசார்ப்படுத்தோணும், ஆனா இந்த வைரஸின்ர பி புரதம் அந்தச் சிக்னலையே அமத்திப்போடும், அதால தொடக்கத்தில காய்ச்சலும் தெரியாது, பிறகு சத்தமில்லாம நரம்புக்குள்ள பூந்து மூளைக்கு ஏறும், உடம்பு முழிச்சு வைரஸை எதிர்க்கிற அன்டிபொடி செய்யேக்க காலம் கடந்திடும். தடுப்பூசி போட்டாலும் அன்டிபொடி வர 7 தொடக்கம் 14 நாள் செல்லும், அதாலதான் மோசமான கடியெண்டா காயத்துக்குள்ளயே ரெடிமேட் அன்டிபொடியும் போடுகினம். கடிச்ச உடன சவுக்காரம் போட்டு 15 நிமிசம் கழுவிப்போட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கோ, மஞ்சள் பூசிக்கொண்டு இருக்காதேங்கோ. இதைக் கொஞ்சம் பெரிசாப் போடுவீங்களோ ஐயா?

வாசகர் ஒருவர்,
திருநெல்வேலி, யாழ்ப்பாணம்