சுகர் நோட்டும் டிபி அட்டையும்: நம் சங்கத்தின் 2024–25 ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், இன்று தொழிலுக்குப் போகாமல் பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரையிலான அறிக்கையை உங்கள் முன் வைக்கிறேன். செயற்குழு மாதந்தோறும் கூடியது. தீர்மானங்கள் புத்தகத்தில் இருக்கின்றன. யார் வேண்டுமானாலும் வாங்கிப் பார்க்கலாம். வரவு செலவையும் சந்தா பாக்கியையும் பொருளாளர் தனியே படிப்பார். ஆகவே நேராக விஷயத்துக்கு வந்துவிடுகிறேன்.

காசநோயாளிகளுக்குத் துணை நிற்பதற்காகத் தொடங்கிய சங்கம் இது. ஆனால் இந்த ஆண்டு நம் வேலையில் பெரும்பகுதி சர்க்கரை நோயைச் சுற்றியே போயிற்று. "டிபி சங்கத்துக்கு சுகரில் என்ன வேலை?" என்று சென்ற பொதுக்குழுவில் ஓர் உறுப்பினர் கேட்டார். கேட்க வேண்டிய கேள்விதான். அவருக்கு அன்று சுருக்கமாகத்தான் பதில் சொல்ல முடிந்தது. முழுப் பதிலை இப்போது சொல்கிறேன்.

காசக் கிருமி உடம்புக்குள் போன எல்லோருக்கும் நோய் வருவதில்லை. பெரும்பாலோருக்கு உடம்பே அதை அடக்கி வைத்துவிடும். ரத்தத்தில் சர்க்கரை எப்போதும் கூடியே இருக்கிறவர்களுக்கு அந்தக் காவல் தளர்கிறது. கிருமியை விழுங்கி அழிக்க வேண்டிய வெள்ளை அணுக்கள் மந்தமாகின்றன. அதனால் சர்க்கரை உள்ளவர்களுக்குக் காசநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட இரண்டு, மூன்று மடங்கு அதிகம். தமிழ்நாட்டில் காசநோய் சிகிச்சையில் இருந்தவர்களைச் சோதித்து 2012இல் வெளியான ஓர் ஆய்வில், நான்கில் ஒருவருக்குச் சர்க்கரை நோய் இருந்தது. இன்னும் நான்கில் ஒருவருக்குச் சர்க்கரை எல்லைக்கோட்டில் இருந்தது. ஆக, மருந்து வாங்க வரிசையில் நிற்கிறவர்களில் பாதிப்பேர்.

அடுத்தது, மருந்துக்கு அடங்காத காசம். சாதாரணக் காசத்துக்கு ஆறு மாத மருந்து. அதில் முக்கியமானவை ரிஃபாம்பிசின், ஐசோனியசிட் என்ற இரண்டு. இந்த இரண்டுக்கும் சாகாத கிருமி இருந்தால் அதை எம்டிஆர் என்கிறார்கள். பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்துக் கணக்குப் பார்த்தபோது, சர்க்கரை உள்ள காசநோயாளிகளிடம் இந்த எம்டிஆர் ஏறத்தாழ இரு மடங்கு வரை காணப்பட்டிருக்கிறது. எல்லா ஆய்வும் ஒரே அளவைச் சொல்லவில்லை என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

சர்க்கரை நேராகப் போய்க் கிருமியை மாற்றிவிடுவதில்லை. அது வேலை செய்யும் வழி வேறு. சர்க்கரை கூடினால் நுரையீரலில் கிருமியின் எண்ணிக்கை கூடுகிறது. கோடிக்கணக்கில் பெருகும்போது அவற்றில் ஒன்றிரண்டு தற்செயலாக மருந்துக்குச் சாகாதவையாகப் பிறக்கின்றன. கூட்டம் பெரிதாக இருந்தால் அந்த ஒன்றிரண்டுக்கு வாய்ப்பும் பெரிது. சளியில் கிருமி இல்லாமல் போவதற்கும் இவர்களுக்கு அதிக நாள் பிடிக்கிறது. அப்புறம், சாப்பிட்ட மாத்திரை ரத்தத்தில் போதுமான அளவு ஏறாமலும் போகலாம். சர்க்கரை நோயாளிகள் சிலரிடம் ரிஃபாம்பிசின் அளவு பாதியாகக் குறைந்திருந்ததை இந்தோனேசியாவில் நடந்த ஓர் ஆய்வு காட்டியது. குறைந்த மருந்து கிருமியைக் கொல்லாது, பழக்கிவிடும்.

இதற்குள் இன்னொரு முடிச்சு இருக்கிறது. நம் ஆட்களுக்கு அதிகம் தெரியாதது இதுதான். ரிஃபாம்பிசின் கல்லீரலைத் தூண்டிவிடுகிறது. அப்போது கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற சர்க்கரை மாத்திரைகளைக் கல்லீரல் வேகமாகக் கரைத்து வெளியேற்றிவிடும். அதே மாத்திரை, அதே வேளை, ஆனால் சுகர் ஏறுகிறது. மெட்ஃபார்மினுக்கு இந்தத் தொல்லை அவ்வளவாக இல்லை. காசநோய் மருந்து தொடங்கியதும் சர்க்கரை மருந்தின் அளவை டாக்டர் திருத்த வேண்டும். சிலருக்குக் கொஞ்ச காலம் இன்சுலின் ஊசி தேவைப்படும். காசநோய் மருந்து முடிந்த பிறகு மறுபடி குறைக்க வேண்டும், இல்லையென்றால் சுகர் திடீரென இறங்கி மயக்கம் வரும். இரண்டு மருந்தையும் ஒரே டாக்டர் பார்த்தால்தானே இது நடக்கும்?

பாம்பன் பக்கத்து அண்ணன் ஒருவருக்கு நேர்ந்தது இதற்குச் சாட்சி. பெயர் சொல்லாமல் சொல்ல அவர் சம்மதம் கொடுத்திருக்கிறார். பல வருடமாக சுகர் மாத்திரை சாப்பிட்டு வந்தவர். அதை எழுதிக்கொடுத்தவர் ஒரு தனியார் டாக்டர். டிபி வந்ததும் மருந்து அரசாங்கத்தில் எடுத்தார். இங்கே நடப்பது அங்கே தெரியாது, அங்கே நடப்பது இங்கே தெரியாது. டிபி மாத்திரை தொடங்கிச் சில வாரத்தில் சுகர் முந்நூறைத் தாண்டியது. "இந்த மாத்திரைதான் என் உடம்பைக் கெடுக்குது" என்று அவரே முடிவு செய்து டிபி மாத்திரையை நிறுத்திவிட்டார். அவருடைய மகள் நம்மிடம் வந்தபோது இருமல் திரும்பியிருந்தது. சளியை சிபிநாட் கருவியில் வைத்துப் பார்த்ததில் ரிஃபாம்பிசினுக்கு எதிர்ப்பு இருப்பது தெரிந்தது. நிறுத்தியதால்தான் எதிர்ப்பு வந்தது என்று அடித்துச் சொல்ல முடியாது, முதலிலேயே இருந்திருக்கலாம். ஆனால் அவர் மாத்திரையை நிறுத்தியதற்குக் காரணம் சோம்பேறித்தனம் இல்லை. ஏன் சுகர் ஏறுகிறது என்று ஒருவரும் அவருக்குச் சொல்லவில்லை. இப்போது இரண்டாம் கட்ட மருந்தில் இருக்கிறார், எடை கூடி வருகிறது.

"ஒழுங்கா மாத்திரை சாப்பிடாதவனுக்குத்தான் அடங்காத டிபி வரும்" என்று ஊரில் பேசுவதைத் தயவுசெய்து நிறுத்த வேண்டும். 2014 முதல் 2016 வரை இந்திய அரசு நாடு முழுக்க எடுத்த ஆய்வில், முன்பு மருந்தே எடுக்காத புதிய நோயாளிகளில் 2.84 சதவீதம் பேருக்கும் எம்டிஆர் இருந்தது. இவர்கள் எந்த மாத்திரையையும் விட்டவர்கள் இல்லை. அடங்காத கிருமியை மூச்சோடு வாங்கியவர்கள். முன்பு மருந்து எடுத்தவர்களில் அது 11.60 சதவீதம், அந்த எண்ணிக்கையிலும் எல்லோரையும் குற்றவாளி ஆக்க முடியாது.

இனி நாம் செய்தது. இரண்டு பக்கமும் சோதனை என்ற முறையைத்தான் ஆண்டு முழுக்கப் பிடித்துக்கொண்டோம். டிபி என்று தெரிந்தவர் யாராக இருந்தாலும் சுகர் பார்க்க வேண்டும். சுகர் உள்ளவருக்கு இரண்டு வாரத்துக்கு மேல் இருமலோ, மாலைக் காய்ச்சலோ, காரணம் இல்லாத எடைக் குறைவோ இருந்தால் சளி கொடுக்க வேண்டும். இது நாமாகக் கண்டுபிடித்த முறை இல்லை, 2017இலேயே மத்திய அரசு வழிகாட்டியாகக் கொடுத்தது. காகிதத்தில் இருப்பதைக் கடற்கரைக்குக் கொண்டுவருவதுதான் நம் பங்கு. எடை குறைவதை சுகர்காரர்கள் "சுகரால் இளைக்கிறேன்" என்று விட்டுவிடுகிறார்கள். இங்கேதான் மாதங்கள் போகின்றன. சளி கொடுக்கும்போது எச்சிலைத் துப்பிக் கொடுப்பதும் நிறைய நடந்தது. காலையில் வாய் கொப்பளித்து, ஆழமாக இருமி எடுத்தது வேண்டும் என்று ஒவ்வொரு வீட்டிலும் சொல்ல வேண்டியிருந்தது.

நம் தொண்டர்கள் தொடங்கிய எளிய பழக்கம் ஒன்று நல்ல பலன் கொடுத்தது. சுகர் நோட்டையும் டிபி சிகிச்சை அட்டையையும் ஒரே பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கொடுத்தோம். எந்த டாக்டரிடம் போனாலும் உறையோடு நீட்டுங்கள், தனித்தனியாக எடுக்காதீர்கள் என்றோம். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே சர்க்கரை மாத்திரை கொண்டுவரும் சகோதரிகளும் அந்த உறையைக் கேட்டுப் பார்க்கத் தொடங்கியிருக்கிறார்கள். அவர்களுக்கு நம் நன்றி.

கடலுக்குப் போகிறவர்கள் விஷயம்தான் மிகக் கடினமாக இருந்தது. கரைக்குத் தினமும் வருகிறவர்களைப் பார்த்துவிடலாம். பல நாள் கடலிலேயே தங்கிப் பிடிக்கும் தங்குகடலுக்குப் போகிறவர்கள், கேரளத்துக்கும் மங்களூருக்கும் படகு வேலைக்குப் போகிறவர்கள் மாதக்கணக்கில் கண்ணில் படுவதில்லை. காசநோயாளிகளுக்கு அரசு பதிந்து கொடுக்கும் நிக்ஷய் எண் இருந்தால் போன ஊரிலேயே அரசு மையத்தில் மருந்து வாங்கலாம் என்பது பலருக்கு இன்னும் தெரியாது. அந்த எண்ணை மீன்பிடி அடையாள அட்டையின் பின்னால் எழுதி ஒட்டச் சொன்னோம். எல்லை தாண்டியதாகப் பிடிபட்டு இலங்கைச் சிறையில் இருக்கும் நாட்கள் நம் கரையில் எந்தக் குடும்பத்துக்கும் வரலாம். ஆகவே மருந்துச் சீட்டின் நகல் ஒன்று எப்போதும் வீட்டில் இருக்கட்டும். யாரிடமாவது கொடுத்தனுப்ப நேர்ந்தால் அதுதான் உதவும்.

இன்சுலின் போடும் சில உறுப்பினர்கள் மருந்துக் குப்பியைப் படகின் ஐஸ் பெட்டியில் நேராக வைத்திருந்தார்கள். நல்ல எண்ணத்தில் செய்தது, ஆனால் உறைந்த இன்சுலின் வேலை செய்யாது. துணியில் சுற்றி, ஐஸில் படாமல் வைக்க வேண்டும். வீட்டில் குளிர்பெட்டி இல்லாதவர்களுக்கு ஈரமணலில் வைத்த மண்பானையே போதும்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் தடைக்காலம் நமக்குப் பெரிய உதவி. விசைப்படகு ஆண்கள் வீட்டில் இருக்கும் காலம் அது. சோதனை முகாம்களை அப்போது வைத்துக்கொண்டோம். கூட்டம் வந்தது. ஆனால் இடையில் சுகர் பார்க்கும் பட்டை தீர்ந்து, வந்தவர்களைத் திருப்பி அனுப்ப நேர்ந்தது. கூலியை விட்டு வந்த மனிதரை "நாளைக்கு வாங்க" என்று அனுப்பினால் அவர் வருவதில்லை. அடுத்த தடைக்காலத்துக்குப் பட்டைகளை முன்கூட்டியே வாங்கி வைக்கப் பொதுக்குழு பணம் ஒதுக்க வேண்டும்.

மார்ச்சில் நோன்பு வந்தது. கீழக்கரை, பெரியபட்டினம் பக்கம் இரண்டு நோயும் உள்ளவர்கள் நோன்பு வைக்கலாமா என்ற கேள்வியோடு வந்தார்கள். நோயாளிக்கு மார்க்கத்திலேயே சலுகை இருக்கிறது என்று பள்ளிவாசலில் எடுத்துச் சொன்ன பெரியவர்களுக்கு நம் சங்கம் கடமைப்பட்டிருக்கிறது. நாங்கள் சொன்னால் கேட்காத காக்காமார்கள், அதாவது அங்கத்து அண்ணன்மார்கள், அவர்கள் சொன்னதும் டாக்டரிடம் போனார்கள். வைத்தே தீருவேன் என்றவர்களுக்கு விடியலுக்கு முந்தைய சஹர் நேரத்து மருந்தையும் சுகர் மருந்தின் அளவையும் டாக்டர் மாற்றி எழுதிக் கொடுத்தார். இது ஆண்டுதோறும் நோன்புக்கு முன்பே நடக்க வேண்டிய வேலை.

சாப்பாடு பற்றி வீட்டுக்கு வீடு சண்டைதான். டிபிக்கு உடம்பு தேற வேண்டும் என்று மாமியார் கருப்பட்டிப் பாலும் சத்துப் பவுடரும் கொடுப்பார். சுகருக்குப் பயந்து நோயாளி சோற்றையே குறைத்துக்கொள்வார். இரண்டுமே உடம்புக்கு ஆகாது. பட்டினி கிடந்தால் காசம் ஜெயிக்கும். முட்டை, பருப்பு, கடலை, நம் கரையில் மலிவாகக் கிடைக்கும் சூடை, நெத்திலி இவற்றைத் தாராளமாகச் சாப்பிடலாம். கருப்பட்டியும் சர்க்கரைதான், அதில் சந்தேகமே வேண்டாம். மாதம் 500 ரூபாயாக இருந்த நிக்ஷய் ஊட்டச்சத்துத் தொகை 2024 நவம்பரிலிருந்து 1000 ரூபாய் ஆகியிருக்கிறது. வங்கிக் கணக்குச் சிக்கலால் வராதவர்கள் தொண்டர்களிடம் சொல்லுங்கள்.

அடங்காத காசத்துக்கான மருந்தில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. முன்பு 9 மாதமோ, 18 முதல் 20 மாதமோ ஓடிய சிகிச்சை, தகுதியுள்ளவர்களுக்கு ஆறே மாதத்தில் முடியும் புதிய மருந்துக் கூட்டுக்கு 2024 செப்டம்பரில் மத்திய அரசு ஒப்புதல் கொடுத்தது. பெடாகுவிலின், பிரிட்டோமானிட், லினசோலிட், மாக்சிஃபிளாக்சசின் என்ற நான்கும் சேர்ந்தது, ஊசியே கிடையாது. பழைய ஊசிகள் சுகர்காரர்களின் சிறுநீரகத்தையும் காதையும் பாதித்ததைப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். ஆனால் லினசோலிட் கால் நரம்பைத் தொடும், பார்வையையும் தொடலாம். கால் எரிச்சலை "இது பழைய சுகர் எரிச்சல்தானே" என்று விட்டுவிடாதீர்கள். புதிதாக எரிந்தாலும், கூடினாலும், கண் மங்கினாலும் அன்றே சொல்லுங்கள். மாக்சிஃபிளாக்சசின் சுகரை ஏற்றவும் இறக்கவும் செய்யும். ஆகவே இந்த மருந்து ஓடும் காலத்தில் சுகர் பார்ப்பதைத் தள்ளிப்போடவே கூடாது.

சாயல்குடி, கடலாடி பக்கம் கருவேல மரக் கரிமூட்டத்தில் வேலை செய்பவர்களிடம் நாம் இந்த ஆண்டு சரியாகப் போய்ச் சேரவில்லை. புகையில் நிற்கிறவர்களின் இருமலை யாரும் கேட்பதில்லை. வரும் ஆண்டு வாலிநோக்கம் உப்பளத் தொழிலாளர்களோடு சேர்த்து அங்கேயும் முகாம் வைக்கச் செயற்குழு பரிந்துரைக்கிறது.

பொதுக்குழுவின் ஒப்புதலுக்காக வைப்பவை: தடைக்காலத்துக்கு முன் சுகர் பட்டைகளும் கருவியும் வாங்குவது, காசநோயும் சர்க்கரையும் உள்ளவர்களை ஒரே நாளில், ஒரே இடத்தில் டாக்டர் பார்க்கும்படி மாவட்டக் காசநோய்ப் பிரிவுக்கு மனுக் கொடுப்பது, எம்டிஆர் சிகிச்சையில் இருப்பவர்கள் இசிஜி எடுக்கப் போய்வரப் பேருந்துச் செலவைச் சங்கம் ஏற்பது. மூன்றாவதைப் பற்றிப் பொருளாளருக்குத் தயக்கம் இருக்கிறது, தெரியும். மருந்து இலவசமாகக் கிடைத்தும் போய்வரக் காசில்லாமல் ஒருவர் நின்றுவிடக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

முகாம்களுக்கு இடம் கொடுத்த பங்குத்தந்தையர், ஜமாஅத்தார், மீனவ சங்கங்கள், ஆரம்ப சுகாதார நிலையச் செவிலியர்கள், வெயிலில் வீடு வீடாக நடந்த நம் தொண்டர்கள் அனைவருக்கும் நன்றி. அறிக்கையை ஏற்று, மேற்கண்ட மூன்று தீர்மானங்களையும் விவாதத்துக்கு எடுத்துக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்