கவிழ்ந்து தொங்கும் கடகங்கள்: சின்னம்மாவுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள சின்னம்மா,

முழங்கால் எப்படி இருக்கிறது? வீக்கம் வற்றும்வரை கிணற்றடிக்குப் போகாதீர்கள், சொல்லிவிட்டேன்.

நேற்றுப் பள்ளிக்கூடம் விட்டதும் அந்தக் கண்காட்சியைப் போய்ப் பார்த்தேன். "இவ்வளவு பனையோலைக் கடகத்தையும் வாங்கி என்னதான் செய்யப் போகினம்?" என்று மூன்று மாதமாகக் கேட்டுக்கொண்டிருந்தீர்களே, பதில் கிடைத்துவிட்டது. தொங்கவிட்டிருக்கிறார்கள். கவிழ்த்து.

உங்கள் முகம் போகிற போக்கு இங்கிருந்தே தெரிகிறது. வெறுங்கடகத்தைக் கவிழ்த்து வைத்ததற்கு எனக்கு எத்தனை குட்டு விழுந்திருக்கும். பொறுங்கள், முதலில் இருந்து சொல்கிறேன்.

சவர்க்காரம் விற்கும் கொழும்புக் கம்பனி ஒன்று, கிளிநொச்சியில் ஏ9 வீதிக்குக் கிட்ட, முன்பு நெல் அடுக்கிய களஞ்சியம் ஒன்றை நாலு நாளைக்கு எடுத்திருக்கிறது. பாப்-அப் கண்காட்சி என்று பெயர். வற்றாப்பளைப் பொங்கலுக்கு வரும் கச்சான் கடை மாதிரித்தான்: வரும், விற்கும், கட்டிக்கொண்டு போய்விடும். கச்சான் கடையில் ஏசி இல்லை.

உள்ளே இருட்டு. கண் பழகியதும் பார்த்தால், முகட்டில் இருந்து நிலம்வரை கடகங்கள். அறுநூறுக்கு மேல் என்றார் வாசலில் நின்ற தம்பி. மேலே நெருக்கமாகத் தொடங்கி, கீழே வர வர விரிந்து, ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு சின்ன மின்குமிழ். பின்னலின் இடுக்குகளால் வெளிச்சம் கசிந்து சுவரெல்லாம் கட்டம் கட்டமாக விழுகிறது. இரணைமடுக் குளம் நிரம்பி வான் பாய்வதைக் காட்டுகிறதாம். 2018 மார்கழி வெள்ளத்தில் வான்கதவுகளைத் திறந்தபோது அந்த இரைச்சலைக் கேட்ட எனக்கு, இது கொஞ்சம் அடக்கமான வான்தான். ஆனால் வடிவு. பொய் சொல்லக் கூடாது, வடிவாகத்தான் இருந்தது. கம்பனிக்காரர் செய்தது என்பதற்காகக் குறை பிடிக்கவென்றே போனவன், கால் மணித்தியாலம் அண்ணாந்தபடி நின்றுவிட்டேன்.

பிறகு உங்களுடையதைத் தேடத் தொடங்கினேன்.

ஓலையை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. எல்லாம் ஒரே சார்வோலை, அதுதான் பனங்குருத்து, ஒரே அளவு வார்ந்தது. விளிம்பைப் பார்த்தேன். நீங்கள் இடக்கையால் நாரிட்டுத் தைத்துப் பொத்துகிறவர், நார் மறுபக்கம் சாய்ந்து போகும். 2008 கடைசியில் சண்டைக்குள் பூநகரியை விட்டு வெளிக்கிட்டபோது அரிசியும் உப்பும் இருந்த கடகத்தைத் தலையில் வைத்து நடந்தீர்கள். தருமபுரத்தில் அதன் விளிம்பு விட்டுப்போக, மரத்தடியில் இருட்டுக்குள் இருந்தே பொத்தினீர்கள். பக்கத்தில் படுத்திருந்து அந்தக் கையைப் பார்த்துக்கொண்டிருந்தவன் நான். எனக்கு அந்தச் சாய்வு மறக்குமா? நாலைக் கண்டுபிடித்தேன். ஒன்று என் இடுப்பளவு உயரத்தில் இருந்தது. தொட்டுப் பார்த்தேன். யாரும் ஏசவில்லை. இரண்டு பொடியன்கள் கடகத்துக்குள் தலையை விட்டுக் கூவிக்கொண்டு நின்றார்கள்.

இந்த இடத்தில் ஒரு கதை. சீனத்துக் கலைஞர் ஐ வெய்வெய், 2010இல் லண்டனில் டேட் மொடர்ன் என்ற கலைக்கூடத்தின் பெரிய மண்டபத் தரையில் பத்துக் கோடி சூரியகாந்தி விதைகளைப் பரப்பினார். நிசமான விதை இல்லை. பீங்கானில் செய்து, கையால் வரி தீட்டியவை. சனம் முதலில் அதன்மேல் நடந்து திரிந்தது, பிறகு பீங்கான் தூசி கூடாதென்று தடுத்துவிட்டார்கள். பத்தாம் வகுப்புக்குச் சித்திரம் படிப்பிக்கும்போது நான் வழக்கமாகச் சொல்வது இது. செலவுக்குக் காசு கொடுத்தது யூனிலீவர், எங்கள் கிணற்றடிச் சன்லைட் சவர்க்காரத்தின் அதே கம்பனி. சவர்க்காரத்துக்கும் கலைக்கும் பழைய பழக்கம்போல. அந்த விதைகளைச் செய்தவர்கள் ஜிங்டெசென் என்ற பீங்கான் ஊரைச் சேர்ந்த 1,600 பேர். எண்ணிக்கை எனக்குப் பாடம். பெயர் ஒன்றுகூடத் தெரியாது.

இங்கே வாசலில் ஒரு பலகை. மூன்று மொழி, தமிழ் கடைசியில். கலைஞரின் பெயர் பெரிதாக, கம்பனியின் பெயர் அதைவிடப் பெரிதாக. கீழே, "வடக்குப் பெண்களின் கட்டகங்களுக்கு நன்றி." கட்டகமாம்! தம்பியிடம் சொன்னேன். அவர் போனில் படம் எடுத்து யாருக்கோ அனுப்பினார். கடகத்தைத் திருத்தினால் சரியா, அதை இழைத்தவர்களின் பெயரையும் எழுத வேண்டாமா என்று கேட்டேன். பட்டியல் சங்கத்திடம் இருக்கும், கேட்டுப் பார்ப்பதாகச் சொன்னார். நல்ல பிள்ளை, ஆனால் அவர் கையில் என்ன இருக்கிறது? சங்கத் தலைவியிடம் நீங்களும் ஒரு சொல் சொல்லி வையுங்கள்.

வெளியே வரும் வழியில் மேசை போட்டு விற்பனை. உள்ளங்கை அளவுப் பெட்டிக்குள் இரண்டு சவர்க்காரம், 4,500 ரூபாய். நான் வாங்கவில்லை. இலவசமாகத் தந்த துண்டு ஒன்றை மட்டும் கொண்டுவந்தேன். வேப்பெண்ணெய் மணக்கிறது, உங்களுக்குப் பிடிக்கும்.

உங்கள் கடகம் ஒன்றை விலைக்குக் கேட்டுப் பார்த்தேன். அது கலைப்படைப்பின் பகுதி, தனியாகக் கொடுக்க முடியாதாம். முடிந்த பிறகு எங்கே போகும் என்றேன். கொழும்புக்கு. அதற்குப் பிறகு? தம்பிக்குத் தெரியவில்லை. மொட்டைக்கறுப்பன் நெல் அள்ள வேண்டிய கடகம், மின்குமிழ் சுமந்துகொண்டு லொறியில் ஏறப் போகிறது.

ஞாயிறு பின்னேரம் கழற்றிவிடுவார்கள். அதனால் சனிக்கிழமை காலை பஸ்ஸுக்கு வாருங்கள். பரந்தன் சந்தியில் ஆட்டோவோடு நிற்பேன், முழங்காலுக்கு வேலை இல்லை. கண்ணாடியை மறக்காமல் கொண்டுவாருங்கள். நான் நாலைத்தான் கண்டேன், நீங்கள் இருபத்தெட்டுக் கொடுத்ததாகச் சொன்னீர்கள். மற்றதையும் தேட வேண்டும். அப்புறம், கவிழ்ந்து தொங்குவதைப் பார்த்து அங்கே சத்தம் போடக் கூடாது, வெளியே வந்து ஏசலாம்.

அன்புடன்,
உங்கள் பெறாமகன்