பரீட்சைக்குக் காசு கட்டுமுன் பெயரைச் சரிசெய்யுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

பல் வைத்தியர்களுக்கு வெளிநாட்டில் வேலை, ஆறு மாதத்தில் பதிவு, மிச்சத்தை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று வரும் விளம்பரங்கள் இப்போது தோட்டத்துப் பெற்றோரின் போன்களுக்கும் வந்து சேர்கின்றன. பேராதனையிலும் இந்தியாவிலும் படித்து வந்த மலையகப் பிள்ளைகளின் வீடுகளில் இதை நம்பி ஊழியர் சேமலாப நிதிக் காசு எடுக்கிறார்கள், நகையை அடகு வைக்கிறார்கள். பிரித்தானியா, அவுஸ்திரேலியா, கனடா, அமெரிக்கா எதிலும் ஆறு மாதத்தில் முடிகிற காரியம் இது அல்ல. முறையாகச் செய்தால் நிச்சயம் முடிகிற காரியம். எதை முதலில் செய்வது, எதைக் கடைசிக்கு வைப்பது என்பதில்தான் பலருக்குக் காசும் காலமும் வீணாகின்றன. ஆகவே இதை விரிவாக எழுதுகிறோம்.

மலையகப் பிள்ளைகளைத் தடுக்கிற முதல் கல் பரீட்சை அல்ல, பெயர். தோட்டத்தில் பிறந்த பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ் பெரும்பாலும் சிங்களத்தில் இருக்கும். வீட்டில் லட்சுமி என்று வைத்த பெயர் அதில் லெட்சுமி என்று பதிவாகியிருக்கும். அதை ஆங்கிலத்துக்கு மொழிபெயர்ப்பவர் தன் காதுக்குப் பட்டபடி எழுதுவார். பாடசாலையில் வேறு எழுத்து, கடவுச்சீட்டில் அப்பாவின் பெயர் குடும்பப் பெயராக முன்னால், பட்டச் சான்றிதழில் அப்பாவின் முதலெழுத்து மட்டும். நமக்கு இந்த நாலும் ஒரே ஆள். லண்டனிலோ மெல்பேர்னிலோ கோப்பைத் திறக்கிறவருக்கு நாலு ஆட்கள். அவர் விண்ணப்பத்தை நிறுத்தி வைத்து விளக்கம் கேட்பார். அந்தக் கடிதத்துக்குப் பதில் தேடி முடிப்பதற்குள் பரீட்சைத் திகதி போய்விடும்.

ஆகவே இறுதியாண்டிலேயே ஐந்து தாள்களை மேசையில் வரிசையாக வைத்து ஒவ்வோர் எழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள்: பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, கடவுச்சீட்டு, பட்டச் சான்றிதழ், இலங்கை மருத்துவ சபையின் பதிவுச் சான்றிதழ். கடவுச்சீட்டில் உள்ளபடியே மற்றவை வர வேண்டும். திருத்தக்கூடியதைத் திருத்துங்கள். திருத்த முடியாததற்கு, இந்தப் பெயர்கள் அனைத்தும் ஒருவரையே குறிக்கும் என்று ஒவ்வொரு வடிவத்தையும் எழுத்துப் பிசகாமல் குறிப்பிட்டு சத்தியக் கடதாசி முடியுங்கள். மொழிபெயர்ப்பை சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடமே செய்யுங்கள். செய்யக் கொடுக்கும்போது கடவுச்சீட்டின் பிரதியையும் கையில் கொடுத்து, பெயர் இதன்படியே வர வேண்டும் என்று சொல்லுங்கள். இந்த ஒரு வார்த்தையைச் சொல்லாமல் விட்டதால் வெளிவிவகார அமைச்சின் அத்தாட்சிக்காகக் கொழும்புக்கு இரண்டாம் முறை ரயில் ஏறுகிறவர்கள் உண்டு.

அடுத்தது நாடு. இரண்டு மூன்று நாடுகளுக்கு ஒன்றாக முயல்வது காசுக்குக் கேடு. காரணம், ஒவ்வொரு நாட்டிலும் வரிசை வேறு.

பிரித்தானியாவில், வெளிநாட்டில் படித்தவர்களின் பதிவுக்காகப் பொதுப் பல் மருத்துவ சபை நடத்தும் பரீட்சை ஓ.ஆர்.ஈ. அதற்கு விண்ணப்பிக்கவே ஆங்கிலத் தேர்ச்சி வேண்டும். ஐ.ஈ.எல்.டி.எஸ். அகடெமிக் என்றால் மொத்தம் 7, எந்தப் பிரிவிலும் 6.5க்குக் கீழ் போகக் கூடாது. அத்துடன் நாற்காலியில் நோயாளியை இருத்தி நேரடியாகச் சிகிச்சை செய்த நேரம் 1,600 மணித்தியாலம் காட்ட வேண்டும். விரிவுரையில் உட்கார்ந்ததும் மற்றவர் செய்ததைப் பார்த்ததும் இதில் சேராது. முதற்பகுதி கணினியில் இரண்டு தாள்கள். இரண்டாம் பகுதியில் பொம்மைத் தலையில் வேலை, நிலையம் நிலையமாகச் சென்று செய்யும் தேர்வு, நோயறிதலும் சிகிச்சைத் திட்டமும், அவசர மருத்துவம் என்று நாலு. இரண்டு பகுதிகளும் பிரித்தானியாவில்தான். ஒவ்வொரு பகுதிக்கும் நாலு வாய்ப்பு. முதற்பகுதியை முதல் தடவை எழுதியதிலிருந்து ஐந்து ஆண்டுக்குள் இரண்டாம் பகுதியை முடிக்க வேண்டும். இரண்டாம் பகுதிக் கட்டணம் மட்டும் 4,000 பவுணுக்கு மேல். இடங்கள் மிகக் குறைவு, திறந்த சில நிமிடங்களில் நிரம்பிவிடும். ஆகவே பிரித்தானியாவுக்கு வேண்டியது கெட்டிக்காரத்தனத்தைவிடக் காத்திருக்கும் தெம்பு. அத்தனையும் முடித்துப் பதிவு பெற்றவர் அரச சுகாதார சேவையின் கீழ் வேலை செய்ய வேண்டுமானால் இன்னொரு பட்டியலிலும் இடம்பெற வேண்டும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. பல் வைத்தியராகப் பதிவதற்கு முன், அதே பட்டத்தைக் காட்டிப் பல் சுகாதார உதவியாளராகவோ தெரபிஸ்டாகவோ பிரித்தானியாவில் பதிந்துகொள்ளலாம் என்று இன்னமும் சில முகவர்கள் சொல்கிறார்கள். அந்த வழி 2023 மார்ச்சில் மூடப்பட்டது. அதற்காக யாரும் காசு கொடுக்க வேண்டாம்.

அவுஸ்திரேலியாவில் வரிசை தலைகீழ். அவுஸ்திரேலியப் பல் மருத்துவ சபை முதலில் ஆவணங்களைப் பார்க்கும். பிறகு இரண்டு நாள் எழுத்துப் பரீட்சை, அதன் பிறகு மெல்பேர்னில் செய்முறை. எழுத்தில் பெற்ற சித்தி மூன்று ஆண்டு செல்லும். ஆங்கிலச் சான்றிதழ் கடைசியில், பதிவுக்கு விண்ணப்பிக்கும்போதுதான் தேவை. அந்தச் சான்றிதழோ இரண்டே ஆண்டு செல்லுபடியாவது. பட்டம் வாங்கிய மறுமாதமே கண்டிக்குப் போய் ஐ.ஈ.எல்.டி.எஸ். எழுதிவிட்டு, செய்முறை முடிகிறபோது அது காலாவதியாகி மறுபடியும் கட்டணம் கட்டுகிறவர்களுக்காக இதைச் சொல்கிறோம். கேட்கிற மட்டமும் வேறு: மற்றப் பிரிவுகளில் தனித்தனியே 7, எழுத்துப் பிரிவுக்கு மட்டும் 2025இல் 6.5 ஆகத் தளர்த்தினார்கள். அங்கே பதிவு பெற்றவர் இரு நாட்டு உடன்பாட்டின்படி நியூசிலாந்திலும் பதிவு கேட்கலாம்.

கனடாவுக்கு ஒட்டாவாவிலுள்ள தேசியப் பல் மருத்துவப் பரீட்சைச் சபையின் சமநிலை வழி, அதாவது நம் பட்டம் அங்குள்ள பட்டத்துக்குச் சமம் என்று காட்டும் பரீட்சைகள். அடிப்படை அறிவுக்கு ஒன்று, மருத்துவத் தீர்மானத்துக்கு ஒன்று, கைவேலைக்கும் நோயாளியைக் கையாளும் முறைக்கும் ஒன்று. முதற்படியில் கிடைக்கும் புள்ளி வெறும் சித்திக்கு மட்டுமல்ல, வெளிநாட்டில் படித்தவர்களுக்கான இரண்டு ஆண்டுப் படிப்பில் பல்கலைக்கழகங்கள் இடம் தரும்போதும் அதைத்தான் பார்ப்பார்கள். மாகாணத்தில் உரிமம் தருவது அந்தந்த மாகாணத்துச் சபை. ஒன்ராறியோவில் உறவினர் இருக்கிறார் என்பது தங்க இடம் தரும், உரிமம் தராது.

அமெரிக்காவில் ஐ.என்.பி.டி.இ. என்ற தேசியப் பல் மருத்துவப் பரீட்சையில் சித்தி மட்டும் போதாது. ஏறக்குறைய எல்லா மாநிலங்களுக்கும் அங்குள்ள கல்லூரியில் இரண்டு ஆண்டோ அதற்கு மேலோ படித்தே ஆக வேண்டும், அந்தப் படிப்பு ஒரு லட்சம் டொலரைத் தாண்டும். கடன் தருவாரும் பிணை நிற்பாரும் இல்லாத வீட்டுக்கு அதைச் சொல்லவே கூடாது. வளைகுடாவில் செலவு குறைவு, காலமும் குறைவு. பட்டத்தையும் வேலை அனுபவத்தையும் டேட்டாஃப்ளோ என்ற ஆவணச் சரிபார்ப்பு நிறுவனம் மூலம் சரிபார்ப்பார்கள், பிறகு கணினியில் ஒரு பரீட்சை. அங்கே கழுத்தை அறுப்பது அனுபவக் கடிதம்தான். பெயர், பதவி, ஆரம்பித்த திகதி, விட்ட திகதி, முழுநேரமா பகுதிநேரமா என்பது எல்லாம் அதில் இருக்க வேண்டும். கையெழுத்திட்டவர் பிறகு வரும் மின்னஞ்சலுக்குப் பதில் போட வேண்டும். தனியார் கிளினிக்கில் வேலை செய்தவர்கள், உரிமையாளர் இடம் மாறுவதற்கு முன்பே இதை வாங்கி வைப்பது நல்லது.

ஆனால் மருத்துவ சபையின் நன்னிலைச் சான்றிதழை, அதாவது இவர் எந்தக் குற்றச்சாட்டும் இல்லாமல் பதிவில் இருக்கிறார் என்ற கடிதத்தை மட்டும் முன்கூட்டி வாங்கி வைக்காதீர்கள். அதன் ஆயுள் சில மாதங்களே. பெரும்பாலான நாடுகள் அதைச் சபையிடமிருந்து நேராக வரவேண்டும் என்று கேட்கும். விண்ணப்பதாரர் உறையைப் பிரித்துப் பார்த்து அனுப்பினால் ஏற்பதில்லை. இந்தியாவில் படித்துவிட்டு இங்கும் பதியாமல் அங்கும் பதியாமல் இருப்பவர்களுக்கு இந்தச் சான்றிதழே கிடைக்காது. அவர்கள் முதலில் இலங்கையின் பதிவுப் பரீட்சையை முடிக்க வேண்டும். குறுக்கு வழி கிடையாது.

இனிக் கைவேலை. நல்ல வைத்தியர்கள் தவறுவது இங்கேதான், ஏன் என்று நன்றாகவே தெரியும். தோட்டத்திலிருந்து வரும் ஆள் வலி தாங்க முடியாமல் போன பிறகுதான் கிளினிக்குக்கு வருவார். கராம்பு வைத்துப் பார்த்து, புகையிலை வைத்துப் பார்த்து, ஒரு நாள் பேர், அதாவது அன்றைய சம்பளம் போனாலும் பரவாயில்லை என்று வரிசையில் நிற்பார். அதனால் நம் அரசாங்க வைத்தியருக்கு பல் பிடுங்கல்தான் நாள் முழுக்க. மூன்று ஆண்டு அப்படி வேலை செய்தவர் பிடுங்கலில் கெட்டிக்காரர். கிரவுணுக்கு, அதாவது பல்லின் மேல் மாட்டும் உறைக்குப் பல்லைச் செதுக்கும் கை மட்டும் துருப்பிடித்துவிடும். பரீட்சையோ பிடுங்கலைக் கேட்பதில்லை, செதுக்கலைத்தான் கேட்கும்.

கீழ்க் கடைவாய்ப் பல்லில் உலோகமும் பீங்கானும் சேர்ந்த கிரவுண் என்று வைத்துக்கொள்ளுங்கள். கடிக்கும் முகட்டில் 2 மில்லிமீற்றர், மற்ற முகட்டில் 1.5 குறைக்க வேண்டும். கண்மதிப்பில் அளக்காதீர்கள். செதுக்கத் தொடங்கு முன்பே சிலிக்கோன் புட்டியால் அச்செடுத்து, நடுவாக வெட்டி வைத்து, செதுக்கும்போது திரும்பத் திரும்ப அதை வைத்து இடைவெளியைப் பாருங்கள். பரீட்சைப் பல் பிளாஸ்டிக். எனாமல் தரும் தடுப்பு அதில் இல்லை, செதுக்கும் கருவியின் முனை வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்கும். பிடுங்கிய இயற்கைப் பல்லில் மட்டும் பழகிப் போனவர் முதல் ஐந்து நிமிடத்திலேயே அதிகமாக வெட்டிவிடுவார். சுவர் கூம்பாகிவிடும், பிறகு கிரவுண் நிற்காது. இன்னொன்று, பக்கத்துப் பல்லில் கீறல். செதுக்கிய பல் எவ்வளவு அழகாக வந்திருந்தாலும் அந்தக் கீறலுக்குப் பெரிய தண்டனை. இரண்டு பல்லும் தொடுமிடத்தில் செதுக்கும் பல்லிலேயே மெல்லிய ஒரு தகட்டை விட்டு உள்ளே சென்று, அதைக் கடைசியில் கை உளியால் தட்டி எடுக்கப் பழகுங்கள். அதே பிளாஸ்டிக் பற்களை வாங்கி, நேரம் வைத்து, தலையைக் குனிந்து பல்லைப் பார்க்காமல் கண்ணாடியில் பார்த்துச் செய்யுங்கள். கிரவுண் ஒன்றுக்குக் குறைந்தது முப்பது பல்லாவது செலவழியட்டும் என்பது எங்கள் அபிப்பிராயம்.

படிக்கும்போது ஒரு நாட்டின் குறிப்போடு இன்னொரு நாட்டின் குறிப்பைக் கலப்பதும் ஆளை விழுத்தும். 16 என்றால் நமக்கு மேல் வலது முதற் கடைவாய்ப் பல். அமெரிக்க எண்முறையில் அது மேல் இடது ஞானப் பல். இதய வால்வு மாற்றிய நோயாளிக்குப் பல் பிடுங்கு முன் அமொக்சிசிலின் 2 கிராம் என்று அமெரிக்க வழிகாட்டி சொல்லும். பிரித்தானிய வழிகாட்டி 2008 முதல் அதை வழக்கமாகக் கொடுக்கச் சொல்வதில்லை. இரண்டும் சரி, தவறான நாட்டில் எழுதினால் இரண்டும் பிழை.

ஒரு விடயத்தில் மட்டும் நம் பிள்ளைகள் யாருக்கும் பின்னால் இல்லை. வெற்றிலைக்கூறு போட்டு வாய் திறக்க முடியாமல் வருபவரை, கன்னத்துக்குள் வெள்ளைப் படையோடு வருபவரை மாணவராக இருக்கும்போதே பார்த்தவர்கள் அவர்கள். தேர்வு நிலையத்தில் வாய்ப் புண்ணோடு ஒருவர் வந்தால் எத்தனை நாளாக, புகையிலை சேர்த்தா, இரவில் கன்னத்தில் வைத்துக்கொண்டே தூங்குவாரா என்று கேட்க அவர்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டாம். சொல்லித் தர வேண்டியது, மூன்று வாரத்துக்கு மேல் ஆறாத காரணம் தெரியாத புண் என்றால் பிரித்தானியாவில் அவசரப் புற்றுநோய் வழியில் அனுப்ப வேண்டும் என்பதையும், "ஒண்ணுமில்ல, மருந்து போடுவோம்" என்று சமாதானம் சொல்லி முடித்தால் புள்ளி போய்விடும் என்பதையும்தான். நோயாளிக்கு என்ன சந்தேகம், ஏன் அனுப்புகிறோம் என்று நேராகச் சொல்லி, அவர் கேட்பதற்கு இடம்விட வேண்டும்.

இரண்டு வேண்டுகோள்கள். பல் மருத்துவ பீடங்கள், ஒவ்வொரு மாணவரும் எந்தப் பிரிவில் எத்தனை மணித்தியாலம் நோயாளிக்கு நேரடிச் சிகிச்சை செய்தார் என்ற கடிதத்தைப் பட்டச் சான்றிதழோடு சேர்த்தே கொடுக்கலாம். நான்கு ஆண்டு கழித்துப் பழைய பதிவேட்டைத் தேடி அலையும் வேலை மாணவருக்கும் மிச்சம், அலுவலகத்துக்கும் மிச்சம். தங்கள் பத்திரிகை, இத்தகைய முகவர் விளம்பரத்தை ஏற்கு முன், எந்தச் சபையின் எந்தப் பதிவைப் பெற்றுத் தருகிறார்கள், எத்தனை காலத்தில் என்று எழுத்தில் கேட்க வேண்டும். பதில் இல்லாத விளம்பரத்தைப் போடக் கூடாது.

இப்படிக்கு,
மலையகப் பல் வைத்தியர்கள் சிலர்,
ஹட்டன்.