தூக்குச்சட்டி இன்னும் எங்கள் வீட்டில்தான் இருக்கிறது

மண்டலே, பர்மா, ஈஸ்டர் முடிந்த வாரம், 2025

எதிர்வீட்டு டீக்கடை பாய் அண்ணனுக்கும், பௌத்த மடத்துத் தம்பிகளுக்கும், ரங்கூன் தமிழ்ச் சபையாருக்கும் வணக்கம்.

எல்லாருக்கும் ஒரே மடலாக எழுதுகிறேன். உங்களில் பலருடைய பெயர் எனக்குத் தெரியாது. கேட்டும் சிலர் சொல்லவில்லை.

மார்ச் 28, வெள்ளிக்கிழமை பகல் 12.50. தவக்கால உபவாசம் என்று அன்று எங்கள் வீட்டில் அடுப்பு பற்றவைக்கவில்லை. அதுவே பெரிய உபகாரமாயிற்று. 7.7 அளவு நிலநடுக்கம் என்று பிறகு சொன்னார்கள். எங்களுக்குத் தெரிந்ததெல்லாம், நின்றிருந்த சமையலறைச் சுவர் தெருவில் கிடந்ததுதான். பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் இன்னொரு பெரிய அதிர்வு. அதற்குப் பிறகு யாரும் கூரைக்குள் போகவில்லை. அம்மாவை வேப்பமரத்தடியில் உட்கார வைத்தோம்.

சாயங்காலம் வரை எங்கள் கண் ஒரே திசையில் இருந்தது. "எதுவானாலும் ஒரு வார்த்தை சொல்லுங்க, வந்து நிற்பேன்" என்று சொல்லியிருந்த, வசதியுள்ள ஒருவர் வருவார் என்று ஜெபித்துக்கொண்டிருந்தோம். அவர் வரவில்லை. குறையாகச் சொல்லவில்லை. அவர் வந்திருந்தால் எதிர்வீட்டுப் பக்கம் நாங்கள் திரும்பியிருக்கவே மாட்டோம்.

பாய் அண்ணே, இருட்டும் நேரத்தில் நீங்கள் தூக்குச்சட்டியோடு வந்தீர்கள். ரமலானின் கடைசி வெள்ளி அது. ஜும்மாவுக்குப் போன உங்கள் தம்பியைப் பள்ளிவாசல் இடிபாட்டிலிருந்து அப்போது இன்னும் எடுத்திருக்கவில்லை. அந்த நிலையிலும் உங்கள் வீட்டில் நோன்புக் கஞ்சி காய்ச்சினார்கள். "அம்மாவுக்கு முதல்ல ஊத்துங்க, சூடு ஆறிடும்" என்றீர்கள். வேறொன்றும் பேசவில்லை. இருபது வருடமாக எதிரெதிர் வாசல். தலையாட்டியதற்கு மேல் நான் உங்களோடு பேசியதில்லை. (அது என் பிசகு. இங்கே எழுதி வைக்கிறேன்.)

ஓய்வுநாள் பள்ளியில், பஞ்ச காலத்தில் எலியா தீர்க்கதரிசிக்கு அடை சுட்டுக் கொடுத்த சாறிபாத் விதவையின் கதையை எத்தனை தடவை சொல்லிக் கொடுத்திருப்பேன்! இஸ்ரவேலில் விதவைகள் இல்லாமலா கர்த்தர் எலியாவைச் சீதோன் என்ற வேற்று நாட்டுக்காரியிடம் அனுப்பினார்? அவளிடம் இருந்ததோ ஒரு பிடி மாவு. மாவு குறையாமல் போனதைத்தான் பிள்ளைகளுக்கு அழுத்திச் சொல்வேன். தானே சாவை எதிர்பார்த்திருந்தவள் முதல் அடையை இன்னொருவருக்குச் சுட்டாளே, அது எப்படிப்பட்ட கை என்று அந்தக் கஞ்சி குடிக்கும்வரை நான் யோசித்ததில்லை.

மடத்துத் தம்பிகளே, செங்கல்லை ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கி, அம்மாவின் டிரங்குப் பெட்டியை நசுங்காமல் மீட்டுக் கொடுத்தீர்கள். உள்ளே இருந்தது தாத்தா கப்பலில் கொண்டுவந்த வேதாகமம். சேசு தின் பா தே. (பர்மிய நன்றியில், கத்தோலிக்கர் இயேசுவைச் சொல்வதுபோல "சேசு" என்று ஒலிப்பதைக் கேட்டு எங்கள் கத்தோலிக்கப் பெரியம்மா எப்போதும் சிரிப்பார்.)

ரங்கூன் சபையாரே, அரிசியும் தார்ப்பாயும் கிடைத்தன. பாதை வெடித்துக் கிடந்தும் லாரியைக் கொண்டுவந்து சேர்த்த டிரைவர் அண்ணன் ஒரு வாய் தண்ணீர் மட்டும் குடித்துவிட்டுத் திரும்பிவிட்டார். அவரிடம் சொல்லுங்கள்: ஏப்ரல் 20 ஈஸ்டர் ஆராதனை அந்தத் தார்ப்பாயின் கீழேதான் நடந்தது.

இது தேவ கோபம் என்று சிலர் வந்து சொன்னார்கள். அம்மா அந்தப் பழைய வேதாகமத்தைப் பிரித்து அதே எலியாவைக் காட்டினார்: பூமி அதிர்ச்சியிலும் கர்த்தர் இருக்கவில்லை, பிறகு அமர்ந்த மெல்லிய சத்தம். "கஞ்சி ஊத்துற சத்தம் எனக்குக் கேட்டுச்சு" என்றார்.

பாய் அண்ணே, உங்கள் தூக்குச்சட்டி கழுவித் துடைத்துப் பத்திரமாக இருக்கிறது. வெறும் பாத்திரத்தைத் திருப்பிக் கொடுப்பது எங்கள் வீட்டில் வழக்கமில்லை. சமையலறைச் சுவர் எழும்பட்டும்; முதல் பாயசம் அதில்தான் வரும்.

இப்படிக்கு,
எதிர்வீட்டுத் தங்கை